பையனை மட்டும் அனுப்புவதா, வீட்டையே அனுப்புவதா? குடும்பச் சிகிச்சை பற்றி விவரம் தேவை

கேள்வி: பட்டர்வொர்த்_டீச்சர்

வணக்கம். மலேசியாவில் இடைநிலைப்பள்ளியில் கவுன்செலிங் பொறுப்பில் இருப்பவர்களிடம் அடிக்கடி வந்து சேரும் ஓர் அமைப்பைச் சொல்கிறேன். எந்த ஒரு குடும்பத்தையும் குறிப்பதல்ல, பல வீடுகளின் கலவை.

படிவம் மூன்று படிக்கும் பதினைந்து வயதுப் பையன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருவதில்லை. காலையில் வயிற்றுவலி, தலைவலி. பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும். கிளினிக்கில் காட்டியாயிற்று, உடம்பில் ஒன்றுமில்லை என்கிறார்கள். அப்பாவுக்குப் பிறை ஊர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, அல்லது சிங்கப்பூரில் இருந்து மாதம் ஒருமுறை வருகிறவர். அம்மாவும் வேலைக்குப் போகிறார். அப்பாவைப் பெற்ற பாட்டி கூடவே இருக்கிறார். பாட்டியிடம் செல்லம், அம்மாவிடம் கண்டிப்பு, அப்பாவிடம் போனில் அதட்டல். பையனைத் தனியாக உட்கார வைத்துப் பேசினால் ஒரு வாரம் ஒழுங்காக வருகிறான். பிறகு பழையபடி.

இப்படிப்பட்ட வீட்டை, எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசும் குடும்பச் சிகிச்சைக்கு அனுப்பலாமா என்று பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது? உள்ளே என்னதான் நடக்கும், எத்தனை முறை போக வேண்டும், யார் யார் வர வேண்டும், யாரிடம் போனால் ஏமாறாமல் இருப்பார்கள்? எப்போது அனுப்பவே கூடாது? "நாலு பேர் முன்னால உட்கார்ந்து சண்டை போடவா போறோம்" என்று கேட்கும் அப்பாக்களுக்குச் சொல்லத் தெளிவான பதில் வேண்டும். "மனம் விட்டுப் பேசலாம்" என்ற அளவில் நிற்காமல் சொல்லுங்கள்.


பதில் 1: செந்தூல்_குடும்பநலம்

டீச்சர், பாதி பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஒரு வாரம் வருகிறான், பிறகு பழையபடி. அதாவது நீங்கள் பேசியது அவனுக்கு ஏறியிருக்கிறது. ஆனால் அவன் திரும்பிப் போகும் வீட்டில் காலை ஆறு மணிக்கு நடப்பது மாறவில்லை. குடும்பச் சிகிச்சை கை வைப்பது அந்த ஆறு மணியில்தான்.

அதைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். அம்மா எழுப்புகிறார். வயிறு வலிக்கிறது என்கிறான். அம்மா இரண்டாம் முறை வருகிறார், குரல் ஏறுகிறது. பாட்டி எழுந்து வந்து, "புள்ளைக்கு முடியலைன்னா விடேம்மா" என்கிறார். மாமியாரிடம் எதிர்த்துப் பேச முடியாத அம்மா, அப்பாவுக்குப் போன் அடிக்கிறார். நைட் ஷிப்ட் முடித்த களைப்பில் அப்பா ஸ்பீக்கரில் கத்துகிறார். பையன் கதவைச் சாத்துகிறான். பஸ் போய்விடுகிறது. அம்மா வேலைக்குக் கிளம்பியதும் பாட்டி மைலோ கலக்கி அறைக்கே கொண்டு போகிறார். ஒவ்வொருவர் செய்வதையும் தனித்தனியாக எடுத்தால் குறை சொல்ல முடியாது. நாலையும் கோத்துப் பார்த்தால்தான், பையன் வீட்டில் தங்குவதற்கு எல்லாரும் சேர்ந்து வழி செய்து கொடுப்பது தெரியும். அவனும் அதில் ஒரு கை.

அதனால் சிகிச்சையாளர் "ஏன் போகல?" என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். "அவன் எழுந்திருக்கல. அப்புறம் யார் என்ன செஞ்சாங்க? அதுக்கு அப்புறம்?" என்று வரிசை வாங்குவார். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு குற்றச்சாட்டுதான் வரும்.

முதல் அமர்வு பெரும்பாலும் 90 நிமிடம். தனியாள் ஆலோசனைபோல் 50 நிமிடத்தில் முடியாது, ஆள் அதிகம். உள்ளே வந்தவுடன் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதையே கவனிப்பார்கள். இந்த மாதிரி வீட்டில் பையன் பாட்டிக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் உட்காருவது சகஜம். அப்பா கதவோரம். பிறகு ஒவ்வொருவரிடமும் மூன்று நான்கு நிமிடம், பிரச்சினையை அவரவர் எப்படிப் பார்க்கிறார் என்று கேட்பார்கள். குறுக்கே பேசினால் நிறுத்த வேண்டும், அது சிகிச்சையாளரின் வேலை. நம் வீடுகளில் முதல் வணக்கம் பாட்டிக்குப் போகவில்லை என்றால் அன்றைக்கே முடிந்தது, அடுத்த முறை அவருக்கு முட்டிவலி வந்துவிடும்.

அடுத்து குடும்பப் படம். மூன்று தலைமுறை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் பெருக்கல் குறி, யாரைப் பற்றி வந்திருக்கிறார்களோ அவருக்கு இரட்டைக் கோடு. சண்டை இருக்கும் இடத்தில் நெளிகோடு, பேச்சுவார்த்தை அறுந்த இடத்தில் கோட்டையும் அறுத்துவிடுவது. பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, வீடு மாறிய ஆண்டு, வேலை போன ஆண்டு எல்லாம் ஓரத்தில். 20 முதல் 30 நிமிடம் ஆகும். படம் எதற்கு என்று அப்பாக்கள் கேட்பார்கள். தாத்தா இறந்த மாதமும் பையன் பள்ளிக்குப் போகாமல் நின்ற மாதமும் ஒன்று என்பது பேச்சில் வராது, தாளில் தேதி போடும்போது எல்லார் கண்ணிலும் படும். தாத்தா போன பிறகு பாட்டிக்குப் பகலில் துணை யார் என்ற கேள்வி அங்கேதான் எழும். பையன் அந்த வேலையை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டிருக்கலாம். இது ஊகம்தான், ஊகமாகவே வைத்து அவர்களிடம் கேட்டுச் சரிபார்ப்பார்கள்.

கேட்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இத்தாலியின் மிலான் நகரக் குழு 1980-இல் எழுதிய கட்டுரையில் இருந்து பரவியது. ஒருவரைப் பற்றி அவரிடமே கேட்காமல் மூன்றாம் ஆளிடம் கேட்பது. வீட்டில் தங்கச்சி இருந்தால் அவளிடம், "அண்ணன் ஸ்கூலுக்குப் போகாத அன்னைக்கு அம்மாவும் பாட்டியும் அதிகமா பேசிக்குவாங்களா, குறைச்சலா?" என்று கேட்டால், பத்து வயதுப் பிள்ளை பளிச்சென்று சொல்லிவிடும். பெரியவர்கள் அதுவரை யோசித்திருக்கவே மாட்டார்கள்.

இரண்டாம் மூன்றாம் அமர்வில் பேச்சு குறையும், செய்கை கூடும். இது சால்வடார் மினுச்சின் 1960, 70-களில் பிலடெல்பியாவில் வளர்த்த வழி. அப்பாவையும் அம்மாவையும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காரச் சொல்வார்கள். "நாளைக் காலையில யார் எழுப்பறதுன்னு நீங்க ரெண்டு பேரும் இங்கயே முடிவு பண்ணுங்க, அஞ்சு நிமிஷம்." பிள்ளைகளும் பாட்டியும் பார்வையாளர்கள். ஒரு நிமிடத்துக்குள் பாட்டி உள்ளே புகுவார், அல்லது அப்பா பையனைத் திட்ட ஆரம்பிப்பார். சிகிச்சையாளர் பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பாட்டி, நாம பார்ப்போம், முடிஞ்சதும் உங்க கருத்தைக் கேட்கிறேன்" என்று தாங்கிப் பிடிப்பார். கணவன் மனைவி இருவரும் யாரையும் இழுக்காமல் ஐந்து நிமிடம் பேசி ஒரு முடிவுக்கு வருவது பல வீடுகளில் மாதக்கணக்கில் நடக்காத காரியம்.

பிறகு வீட்டுக்கு ஒரு வேலை. ஒன்றே ஒன்று. எண்ணிப் பார்க்கக் கூடியது. "அன்பாக இருங்கள்" என்பது வேலையல்ல. "காலை ஏழு மணிக்கு முன் அப்பா பையனுக்குப் போன் செய்யக் கூடாது, இரவு ஒன்பது மணிக்கு அம்மாவுக்குப் பத்து நிமிடம் போன் செய்ய வேண்டும்" என்பது வேலை. "பசியாறல் மேசையில் மட்டும், அறைக்குள் வராது, பாட்டி பரிமாறுவார்" என்பது இன்னொன்று. பாட்டியின் கையில் இருந்த கரண்டியைப் பிடுங்காமல் மேசைக்கு மாற்றியிருப்பதைக் கவனியுங்கள். பிடுங்கினால் அடுத்த வாரமே யாருக்கும் தெரியாமல் ரொட்டி சானாய் அறைக்குள் போய்விடும்.

அமர்வுகளுக்கு இடையில் இரண்டு வாரம், போகப்போக மூன்று நான்கு வாரம் விடுவது இதனால்தான். மாற்றம் நடக்க வேண்டிய இடம் வீடு. இப்படிப்பட்ட சிக்கலுக்கு ஆறில் இருந்து பன்னிரண்டு அமர்வு என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் அமர்வு வரை காலை ஆறு மணியில் ஒரு துரும்பும் அசையவில்லை என்றால் சிகிச்சையாளரிடமே நேராகக் கேட்கச் சொல்லுங்கள்: "நாம போற வழி சரியா?"


பதில் 2: மனநலத்தாதி_பினாங்கு

மேலே சொன்னது நல்லா இருக்கு. ஆனா ஒரு படி முன்னால போகணும். வயித்துவலின்னு சொல்ற பையனை வீட்டோட சேர்த்துப் பார்க்கறதுக்கு முன்னாடி அவனைத் தனியாவும் பார்க்கணும். பள்ளியில யாராவது பகடிவதை பண்றாங்களா, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்ல கேம் ஓடுதா, மனச்சோர்வு இருக்கா, படிக்கறதுல எழுத்துக் குழப்பம் ஏதும் இருக்கா. இதுல எது இருந்தாலும் அதுக்குத் தனி வழி வேணும், குடும்ப அமர்வு பக்கத்துல ஓடலாம். சாகணும்போல இருக்குன்னு ஒரு வார்த்தை வந்தாலும் தேதி குறிச்சுக் காத்திருக்க வேண்டாம், அன்னைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவு. போலீஸ் கேஸ் ஆகிடும்னு இன்னமும் பல வீட்டுல மறைக்கறாங்க. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கின பிரிவு 2023-லயே நீக்கியாச்சு, இதைப் பெற்றோருக்குச் சொல்லுங்க.

நோய் உறுதியான வீட்டுக்குக் குடும்பச் சிகிச்சை வேற மாதிரி இருக்கும், அதையும் குழப்பிக்கக் கூடாது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள ஆள் வீட்டுல இருந்தா, அங்க முதல் பாடம் "நீங்க இந்த நோயைக் கொண்டு வரலை". லண்டன்ல ஜார்ஜ் பிரவுன் குழு ஆரம்பிச்சு வச்ச ஆராய்ச்சி ஒண்ணு உண்டு. ஆஸ்பத்திரியில இருந்து வீடு திரும்பினவங்கள்ல, ஓயாம குறை சொல்றது, வெறுப்பு, அளவுக்கு மீறின பொத்திப் பொத்தி வளர்ப்பு இது மூணுல ஏதாவது அதிகமா இருக்கற வீட்டுக்குப் போனவங்களுக்கு நோய் திரும்பறது அதிகம். 1976-ல வான், லெஃப் ரெண்டு பேரும் பண்ண ஆய்வுல, அந்த மாதிரி உறவுக்காரங்களோட வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல முகம் பார்த்து இருக்கறதும் ஒரு காரணம்னு வந்தது. அதனால நோயாளிக்குப் பகல்ல போக ஒரு இடம் பார்க்கறது, வேலைப் பயிற்சிக்கு அனுப்பறது எல்லாம் வெறும் பொழுதுபோக்கு இல்ல, அந்த மணி நேரத்தைக் குறைக்கற மருந்து.

இந்த வகைக்கு பிரிட்டன் வழிகாட்டி நெறி சொல்றது, மூணு மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள குறைஞ்சது 10 அமர்வு. முடிஞ்ச வரைக்கும் நோயாளியும் கூட இருக்கணும். ரெண்டு அமர்வு போயிட்டு "பிரயோஜனம் இல்ல" என்கறவங்க மருந்துச் சீட்டுல பாதி மாத்திரை சாப்பிட்டு நிறுத்தற மாதிரி.

அங்க சொல்லித் தர்றதுல நீங்க சொன்ன பையன் வீட்டுக்கும் பொருந்தற ஒண்ணு, பிரச்சினையைத் தீர்க்கற ஆறு படி. தாள் ஒண்ணு, பேனா ஒண்ணு. பிரச்சினையை எல்லாரும் ஒத்துக்கற ஒரு வரியில எழுதறது. வழி என்னென்னன்னு கிறுக்குத்தனமா இருந்தாலும் குறைஞ்சது அஞ்சு எழுதறது, அந்த நேரத்துல யாரும் "அது நடக்காது" சொல்லக்கூடாது. ஒவ்வொண்ணுக்கும் நல்லது கெட்டது ரெண்டு ரெண்டு. ஒண்ணைத் தேர்ந்தெடுக்கறது. யார், எப்ப, எதை வச்சுச் செய்யறதுன்னு பிரிக்கறது. ஒரு வாரம் கழிச்சு அதே மேசையில சரி பார்க்கறது. பிசகற இடம் பெரும்பாலும் முதல் படிதான். "பையன் சோம்பேறி" என்பது பிரச்சினை இல்ல, திட்டு. "திங்கள், செவ்வாய் காலை 6.40 பஸ்ஸைப் பிடிக்க முடியலை" என்பதுதான் பிரச்சினை. முதல் வரியை எழுதவே ஒரு அமர்வு முழுக்கப் போச்சுன்னா நஷ்டம் இல்ல.

செலவு பத்தி: அரசாங்கக் கிளினிக்குல குடிமக்களுக்கு வெளிநோயாளி கட்டணம் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்குல 5 ரிங்கிட். கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதார நிலையம்) டாக்டர்கிட்ட பரிந்துரைக் கடிதம் வாங்கிட்டு மனநலப் பிரிவுக்குப் போகணும். சுகாதார அமைச்சின் மெந்தாரி சமூக மனநல நிலையங்களும் இருக்கு. குடும்பத்தோட உட்காரணும்னு கடிதத்துலயே எழுதச் சொல்லுங்க, இல்லைன்னா பையனுக்கு மட்டும் நேரம் போடுவாங்க. தனியார்ல போனா, மணிக்குக் கணக்கா, அமர்வுக்குக் கணக்கா, ஆள் கூடினா கட்டணம் கூடுமா, எத்தனை மணி நேரம் முன்னால சொன்னா ரத்து பண்ணலாம்னு போன்லயே கேட்டுடணும். மனநலப் பரிசோதனை, ஆலோசனைக்கு வருமான வரியில 1,000 ரிங்கிட் வரைக்கும் கழிவு இருக்கு, முழு உடல் பரிசோதனையோட சேர்ந்த வரம்பு அது. பதிவு பெற்றவங்க கொடுக்கற ரசீதா இருக்கணும்.


பதில் 3: சட்டஉதவி_தன்னார்வலர்

யாரிடம் போவது, எப்போது அனுப்பக் கூடாது என்ற இரண்டுக்கு மட்டும்.

மலேசியாவில் கவுன்செலர் என்று தொழில் செய்ய 1998 கவுன்செலர்கள் சட்டம், அதாவது சட்டம் 580-இன் கீழ் லெம்பாகா கவுன்செலர் என்ற வாரியத்தில் பதிவு வேண்டும். பதிவு எண் ஒன்று, தொழில் செய்யும் சான்றிதழ் ஒன்று. இரண்டும் இருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்று போட்டிருப்பது இவைதான். (பி.ஏ. பட்டம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதுவல்ல, பெராக்குவான் அமாலான், அதாவது தொழில் செய்யும் சான்றிதழ்.) கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் 2016 துணை மருத்துவத் தொழில்கள் சட்டம், சட்டம் 774. சைக்காட்ரிஸ்ட் டாக்டர், மருத்துவ மன்றப் பதிவு. பலகையில் "பேமிலி தெரப்பிஸ்ட்", "லைப் கோச்", "ரிலேஷன்ஷிப் எக்ஸ்பர்ட்" என்று எது வேண்டுமானாலும் இருக்கட்டும், பதிவு எண்ணைக் கேளுங்கள். அதன் பிறகு கேட்க வேண்டியது: ஒரே அறையில் நாலைந்து பேரை வைத்து நடத்தப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா, யார் மேற்பார்வையில்? தனியாள் ஆலோசனையில் கெட்டிக்காரர் குடும்ப அமர்வில் தடுமாறுவது உண்டு. ஒருவர் சொல்வதை ஆழ்ந்து கேட்டுப் பழகியவர், அதே பழக்கத்தில் அம்மாவை இருபது நிமிடம் பேசவிட்டுவிடுவார். மற்ற மூவர் கணக்கில் அவர் அம்மா கட்சி.

தேசிய பதிவுத் துறையின் திருமணத் தீர்ப்பாயத்தையும் குடும்பச் சிகிச்சையையும் ஒன்றாக நினைப்பவர்கள் ஏராளம். முஸ்லிம் அல்லாதாருக்கான 1976 திருமணம், மணவிலக்குச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, ஒருதரப்பாக மணவிலக்கு மனு போடும் முன் சமரசக் குழுவிடம் போகச் சொல்கிறது. தலைவர் ஒருவர், உறுப்பினர் இரண்டு முதல் நான்கு பேர், ஆறு மாதக் கெடு, வழக்கறிஞருக்கு இடமில்லை. சமரசம் ஆகவில்லை என்றால் சான்றிதழ் தருவார்கள், அதை வைத்து வழக்கு. அது சட்டப் படி. யார் யாரை எப்படி எழுப்புவது என்பதற்கு அங்கே நேரம் கிடையாது.

அனுப்பக் கூடாத இடம்: அடி இருக்கும் வீடு. இதில் நெகிழ்வு வேண்டாம். அடிபடுபவர் அமர்வில் உண்மையைச் சொன்னால் அன்று இரவு வீட்டில் அதற்குப் பதில் கிடைக்கும். சொல்லாவிட்டால் அமர்வே நாடகம். ஆகவே நல்ல சிகிச்சையாளர் முதல் போன் பேச்சிலேயே பெரியவர்களிடம் தனித்தனியாக, "வீட்டில் யாருக்காவது யாரையாவது கண்டால் பயம் உண்டா?" என்று கேட்பார். கேட்காதவரைத் தவிருங்கள். அடி இருந்தால் 1994 குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. சமூகநலத் துறை அதிகாரி தரும் அவசரப் பாதுகாப்பு ஆணை 7 நாள் செல்லும், அதற்குள் அடுத்த பாதுகாப்பு ஆணைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். தாலியான் காசேஹ் என்ற அரசாங்க உதவித் தொலைபேசி 15999 இரவும் பகலும். பினாங்கில் மகளிர் மாற்ற மையம் (WCC), கிள்ளான் பள்ளத்தாக்கில் மகளிர் உதவி இயக்கம் (WAO) இரண்டும் இதற்கு உதவும் பழைய அமைப்புகள்.

குடி இருக்கும் வீடு இந்தப் பட்டியலில் வராது. குடித்துவிட்டு அமர்வுக்கு வந்தால் அன்று அமர்வு இல்லை என்ற விதி மட்டும் போதும்.


பட்டர்வொர்த்_டீச்சர்:

நன்றி. இரண்டு சந்தேகம். பாட்டி வரமாட்டேன் என்று உறுதியாக நின்றால்? பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. இரண்டாவது மொழி. பையனுக்கு மலாயும் ஆங்கிலமும் சரளம், தமிழ் வீட்டுப் பேச்சு மட்டும். பாட்டிக்குத் தமிழ் மட்டும். தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் எளிதில் கிடைப்பதில்லை.


பதில் 4: செந்தூல்_குடும்பநலம்

பாட்டியை யார் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். மருமகள் கூப்பிட்டால் வரமாட்டார். அவர் காதில் அது "உங்க மேலதான் தப்பு, வந்து கேட்டுக்குங்க" என்று விழும். மகன் கூப்பிட வேண்டும். சொல்லும் வார்த்தையும் முக்கியம். "ஆலோசனைக்குப் போறோம், நீங்களும் வாங்க" வேலைக்கு ஆகாது. "அவனைப் பகல் முழுக்கப் பார்க்கறது நீங்கதாம்மா. அவன் எப்ப சாப்பிடறான், எப்ப சிரிக்கறான்னு எங்களுக்கே தெரியாது. நீங்க வந்து சொன்னாத்தான் அவங்களுக்கு விளங்கும்." இது பொய்யல்ல, அந்த வீட்டில் அதிகத் தகவல் உள்ளவர் அவர்தான். அப்படியும் வரவில்லையா, வருகிறவர்களை வைத்து ஆரம்பிக்கலாம். ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, "பாட்டி இங்க இருந்தா இப்ப என்ன சொல்லியிருப்பாங்க?" என்று பையனைக் கேட்பார்கள். ஐந்து பேர் சுற்றில் இரண்டு பேர் தங்கள் பங்கை மாற்றினாலே மற்றவர்களுக்குப் பழைய பங்கை ஆட முடியாது. அம்மா போன் அடிக்கவில்லை என்றால் அப்பா கத்த வழியில்லை. வராதவரை ஓரம்கட்டி முடிவெடுக்காமல் இருந்தால் போதும். மூன்றாம் நான்காம் அமர்வில், "அங்க என்னைப் பத்தி என்ன பேசறாங்க" என்று பார்க்கவாவது வருவார்.

"சனிப்பெயர்ச்சி முடியட்டும், எல்லாம் சரியாகும்" என்று பாட்டி சொன்னால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கோயில், ஜோசியர், கிளினிக் என்று இதுவரை யாரிடம் எல்லாம் போனார்கள் என்பதைக் குடும்பப் படத்தின் ஓரத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. அவர்களும் அந்த வீட்டின் உதவிக்காரர்கள். வெள்ளிக்கிழமை விளக்குக்குப் பையனைக் கூட்டிப் போகும் பாட்டியிடம், திங்கட்கிழமை பஸ் நிறுத்தம் வரை கூட நடக்கவும் கேட்கலாம்.

மொழி விஷயத்தில் ஒரே ஒரு கண்டிப்பு. பையனை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். பாட்டி சொல்வதை அவன் சிகிச்சையாளருக்கு ஆங்கிலத்தில் சொன்னால், அந்த அறையிலேயே அதிக அதிகாரம் உள்ளவன் அவன் ஆகிவிடுவான். தன்னைப் பற்றிய குறையைத் தானே மொழிபெயர்ப்பது கொடுமை, மாற்றிச் சொல்லவும் வாய்ப்பு. அம்மா மொழிபெயர்த்தால் மருமகள் மாமியாரின் வாயாக மாறுகிறார், அதுவும் சரியில்லை. வெளியாள் வேண்டும், சொந்தக்காரராக இருக்கக் கூடாது, சுருக்காமல் வரிக்கு வரி சொல்ல வேண்டும். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், 90 நிமிட அமர்வில் பாதி விஷயம்தான் ஓடும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்தவர் கோலாலம்பூரில் இருந்தால் பினாங்கில் இருந்து ஜூம் வழியாகச் சேரலாம். ஆனால் குடும்பம் ஒரே கைப்பேசியை ஆளுக்கு ஆள் கைமாற்றிக்கொண்டு பேசினால் வீண். கைப்பேசி யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் அமர்வில் இருப்பார். மேசை மேல் மடிக்கணினி, எல்லாரும் கேமராவில் ஒன்றாகத் தெரியும்படி, சிங்கப்பூர் அப்பா மட்டும் தன் திரையில். அப்பா காரில் ஓட்டிக்கொண்டே சேர்வது கிடையாது என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

வேறு எங்கே பிசகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடிக்கடி நடப்பது பஞ்சாயத்து ஆகிவிடுவது. முதல் அமர்வு முழுக்கப் பெரியவர்கள் மாறி மாறிப் பையன் மேல் புகார் வாசித்து, கடைசி ஐந்து நிமிடம் அவனிடம் "நீ என்ன சொல்றே?" என்று கேட்பது. அவன் தோளைக் குலுக்குவான், அடுத்த முறை வரமாட்டான். அவன் நல்லா இருந்த காலம் எது, வந்த நாட்களில் என்ன வித்தியாசம் என்பதைப் புகாருக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது ரகசியம். முதல் அமர்வு முடிந்த இரவே அம்மாவிடம் இருந்து சிகிச்சையாளருக்கு வாட்ஸ்அப் வரும்: "உங்ககிட்ட மட்டும் சொல்றேன், அவங்க அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்." அதை வாங்கி வைத்துக்கொண்டால் சிகிச்சையாளரும் அந்த வீட்டுச் சுற்றில் ஒரு கண்ணி. எது எல்லாருக்கும் பொது, எது தனி, தனியாகச் சொன்னதை என்ன செய்வார் என்று முதல் நாளே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பள்ளிக்கு என்ன தெரிவிக்கலாம் என்பதும் அதே தாளில்.

இன்னொன்று, யாரும் எதிர்பாராதது. பையன் ஒழுங்காகப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தால் அப்பா அம்மா சண்டை கிளம்பும். புதிதல்ல, அவன் வயிற்றுவலிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. "சிகிச்சைக்குப் போய்த்தான் எங்களுக்குள் வந்தது" என்று அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அப்போது பிள்ளைகளையும் பாட்டியையும் வீட்டில் விட்டு, இருவருக்கு மட்டும் அமர்வு வைக்க வேண்டும். கணவன் மனைவி விவகாரத்தைப் பிள்ளைகள் முன் பிரித்துப் போடுவது எந்த வழிமுறையிலும் கிடையாது.


பதில் 5: மனநலத்தாதி_பினாங்கு

டீச்சர், பள்ளிப் பக்கம் உங்க பங்கு ஒண்ணு இருக்கு. வீட்டுல ஒத்துக்கிட்ட நாள்ல இருந்து திரும்பி வர்றதைப் படிப்படியா வைக்கணும். முதல் வாரம் கவுன்செலிங் அறையில ஒரு மணி நேரம், சீருடையோட. அடுத்த வாரம் அவனுக்குப் பிடிச்ச ரெண்டு பாடம். மூணாவது வாரம் ஓய்வு நேரம் வரைக்கும். பிறகு முழு நாள். ஒரு படியில தடுமாறினா ஒரு படி இறங்கலாம், வீட்டுக்கே திரும்பக் கூடாது. பள்ளி விடுமுறைக்கு அப்புறம், தைப்பூச விடுப்புக்கு அப்புறம் வர்ற முதல் நாள் வழுக்கும், அதை முன்கூட்டியே அமர்வுல பேசி வச்சிருக்கணும். வழுக்கினா யார் யாருக்குப் போன் பண்றது என்பது உட்பட. இதையெல்லாம் பள்ளி நிர்வாகத்துகிட்ட முன்னாடியே பேசிடுங்க. இல்லைன்னா வராத நாளுக்கான எச்சரிக்கைக் கடிதம் மூணாவது வாரத்துல வீட்டுக்குப் போய், அப்பா மறுபடியும் ஸ்பீக்கர்ல வந்துடுவார்.

பரிந்துரைக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம். வராத நாள் எத்தனை, எந்தக் கிழமை, எப்ப ஆரம்பிச்சது, வீட்டுல யார் யார் இருக்காங்க, எந்த மொழி, எந்த நேரம் எல்லாரும் ஒண்ணா வர முடியும். காரணம் இதுதான்னு நீங்க நினைக்கறது இருந்தா அதை எழுதாதீங்க, கடிதம் வீட்டுல எல்லாரும் படிப்பாங்க.